முத்துமாலைக் கள்வனின் கையும் விவேகப் பரிசோதனைச் சபையும்

நெல்லைச் சீமையின் பெரியோர்களே, தாய்மார்களே, கடைவீதியில் நிற்பவர்களே, கச்சேரிக்குப் போகிறவர்களே, கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு ஒரு நாழிகை இப்படி வாருங்கள். உங்கள் ஊரில், உங்கள் கண்ணெதிரே ஓர் அநியாயம் நடந்திருக்கிறது. அதில் வெட்டு இல்லை, குத்து இல்லை, எவர் வீட்டுக் கூரையும் எரியவில்லை. பாளையங்கோட்டையில் ஊசி பிடித்துப் பிழைக்கும் சாலோமி என்ற பெண், தன் இரண்டு கண்களால் கண்டதைக் கண்டபடியே ஒரு தாளில் எழுதினாள். அதற்காக ஐந்து பெரிய மனிதர்கள் விசிறியும் வெற்றிலைத் தட்டுமாகக் கூடி அமர்ந்து, அவள் எதையுமே காணவில்லை என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். நடந்ததை நடந்த வரிசையிலேயே கேளுங்கள். சிரிப்பதா, சினப்பதா என்பதைப் பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்றாம் வருஷம் மாசி மாதத்தில், மேலப்பாளையம் முகம்மது சுல்தான் தச்சநல்லூர் மைதானத்தில் பயாஸ்கோப்புக் கூடாரம் அடித்தார். படம் கடல் கடந்த சீமையிலிருந்து வந்தது; அதற்கு ‘முத்துமாலைக் கள்வன்’ என்று தமிழில் பெயர் சூட்டியிருந்தார். முதல் வாரம் கூடாரத்தின் கயிறுகள் தெறிக்கும்படி கூட்டம். இரண்டாம் வாரம் கூடாரத்துக்குள் காற்று மட்டும் தாராளமாக உலவியது.

அதே காலத்தில் திருநெல்வேலியின் வாரப் பத்திரிகையான ‘நெல்லை நீதிமணி’யும் இளைத்துப்போயிருந்தது. தெருவுக்கு ஒருவர் அதை வாங்குவார். மற்றவர்கள் அவர் வாசிக்கக் கேட்டுக்கொள்வார்கள். அதன் ஆசிரியர் வைத்தியலிங்கம் ஒருநாள் குடையை ஊன்றிக்கொண்டு கூடாரத்துக்கு வந்தார்.

“அண்ணாச்சி, உம்ம கூடாரத்துக்கு ஆள் வர மாட்டேங்கு. எம் பத்திரிகையை ஆள் வாங்க மாட்டேங்கு. ரெண்டையும் ஒண்ணாக் கட்டிருவோம்.”

“எப்படிவே கட்டுவீரு?” என்றார் சுல்தான்.

“படத்துல இருந்து பத்துக் கேள்வி கேப்போம். பதில் தெரியணும்னா உம்ம கூடாரத்துக்கு வரணும். பதில் எழுதுத தாள் என் பத்திரிகைலதான் இருக்கும். பெருசா ஒரு பரிசு வையும். நெல்லைச் சீமையே நம்ம ரெண்டு பேர் வாசல்லயும் வந்து நிக்கும்வே.”

அப்படியே நின்றது. சுல்தான் பரிசாக ஒரு புதிய தையல் மெஷினை வரவழைத்து, மாலை போட்டு, கூடார வாசலில் உட்காரவைத்தார். போட்டியை நடத்தப்போகும் சபையிடம் அதை ஒப்படைத்துவிட்டதாக எழுதியும் கொடுத்தார். ஊர் மக்கள் தேருக்கு வருவது போல வந்து அந்த மெஷினைச் சுற்றிப் பார்த்துப் போனார்கள்.

விடைகளைச் சோதிக்க ஒரு சபை வேண்டுமல்லவா? ஓய்வுபெற்ற சப்ரிஜிஸ்திரார் அப்பாத்துரை தலைவராகவும், வைத்தியலிங்கம் காரியதரிசியாகவும், மேலும் மூன்று கனவான்கள் அங்கத்தினர்களாகவும் ‘விவேகப் பரிசோதனைச் சபை’ உதயமாயிற்று. முதற்கூட்டத்தில் அது இரண்டு தீர்மானங்கள் நிறைவேற்றியது. இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; வந்த வினையெல்லாம் இவற்றால் வந்தது.

முதல் தீர்மானம்: சபையார் எவரும் படத்தைப் பார்க்கலாகாது, பார்த்தவருக்குப் பட்சபாதம் உண்டாகும். ஆகையால் பட மெஷின் சுழற்றும் புன்னக்காயல் பவுல்ராஜ் கேள்விகளைத் தயாரித்து, சரியான விடைகளையும் எழுதி, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்துத் தர வேண்டியது.

இரண்டாம் தீர்மானம்: ஆடவரும் பெண்டிரும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பது நாகரிகத்துக்கு ஒவ்வாது. ஆகையால் திரைச்சீலையைக் கூடாரத்தின் நடுவில் கட்டி, முன்பக்கத்தில் ஆடவரும் பின்பக்கத்தில் பெண்டிரும் அமர வேண்டியது.

சுல்தான் அப்படியே கட்டினார். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் தாமிரபரணித் தண்ணீரைத் திரைச்சீலையின் மீது விசிறி நன்றாக நனைப்பார்கள். நனைந்த துணியில் வெளிச்சம் ஊடுருவும். முன்னே விழுந்த படம் பின்னேயும் தெரியும். பெண்கள் பின்பக்க மணலில் உட்கார்ந்து, துணியில் இருந்து தெறிக்கும் துளிகளை முந்தானையால் துடைத்துக்கொண்டே படம் பார்த்தார்கள்.

சாலோமிக்கு அந்த மெஷின் வேடிக்கைப் பொருள் அன்று. பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகளுக்கென்று புதிதாகத் தையல் வகுப்பு ஒன்று தொடங்கவிருந்தது. நடத்துகிறவர்கள் அவளுடைய கைத்தையலைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஆனால், “சொந்த மெஷினோடு முதல் தேதிக்குள் வருகிறவருக்கே வேலை” என்று சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் விளக்கடியில் குனிந்து குனிந்து அவள் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்த வேலை கிடைத்தால் நிமிர்ந்து உட்காரலாம்; கிடைக்காவிட்டால் மறுபடியும் குனியலாம். அவளுக்கு இதுதான் போட்டி.

பக்கத்து வீட்டு இன்பமணியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பாலம் கடந்து, நான்கு முறை தச்சநல்லூருக்கு வண்டி கட்டிப் போனாள். மற்றவர்கள் கள்வனைப் பார்த்துக் கூச்சலிட்டபோது அவள் போலீஸ்காரன் சட்டையின் பொத்தான்களை எண்ணினாள். சீமாட்டி மயங்கி விழுந்தபோது எத்தனை முறை விழுந்தாள் என்று எண்ணினாள். மாடிப்படி எத்தனை, கிழிந்த பாவாடையில் ஒட்டு எத்தனை, ஒன்றும் விடவில்லை. ஊசி பிடித்த கண் எதையும் சும்மா பார்ப்பதில்லை.

பத்தாவது கேள்வி இது: ‘கள்வன் முத்துமாலையை எந்தக் கையால் எடுத்தான்?’

“பீச்சாங்கையாலதான் எடுத்தான்” என்றாள் இன்பமணி. “களவாங்குத பயலுக்குச் சோத்துக்கை எதுக்கு?”

சாலோமியும் அதைத்தான் கண்டிருந்தாள். இடக்கை என்று எழுதித் தபாலில் சேர்த்தாள்.

மறு வாரம் ‘நீதிமணி’ வந்தது. தலைப்பை வாசித்த இன்பமணி ஆட்டுரலில் அரைப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“ஏட்டி சாலோமி, ஒன் பேரு பேப்பர்ல வந்திருக்கு. ஆனா நல்லதுக்கா கெட்டதுக்கான்னுதான் வெளங்கல.”

செய்தி இதுதான். விடை எழுதிய ஆடவர் அனைவரும் வலக்கை என்று எழுதியிருந்தார்கள். பெண்கள் நாற்பத்துமூவரும், ஒருவர் தப்பாமல், இடக்கை என்று எழுதியிருந்தார்கள். உறையிலிருந்த விடை வலக்கை. பாளையங்கோட்டை சாலோமி என்பவர் மற்ற ஒன்பது கேள்விகளுக்கும் சரியான விடை எழுதியிருந்தார். ஆடவர்களில் எவரும் ஆறைத் தாண்டவில்லை. இந்த உண்மைகளின் மீது ஆசிரியர் வைத்தியலிங்கம் இரண்டரைப் பத்தி தலையங்கம் எழுதியிருந்தார். ‘பெண்டிருக்கு இடமும் வலமும் தெரியாதென்பது இன்று சாஸ்திரீயமாக நிரூபணமாகிவிட்டது. வலம் அறியாதவர் வீதியில் எப்படி நடப்பர்? அன்னத்தை எக்கையால் பரிமாறுவர்? நெல்லைச் சீமையின் ஆடவர்கள் இத்தனை காலம் எக்கையால் பரிமாறப்பட்ட உணவை உண்டு வந்தார்கள் என்பதை எண்ணுங்கால் நெஞ்சு நடுங்குகிறது.’

அந்த வாரம் பத்திரிகை நானூறு பிரதி கூடுதலாக விற்றது. நெஞ்சு நடுங்கியதில் ஆசிரியருக்கு நஷ்டமில்லை.

சாலோமி சபைக்குப் போனாள். பத்திரிகை ஆபீஸின் மாடியில் சபை கூடியிருந்தது. ஐந்து நாற்காலிகளில் ஐந்து பேர். நடு மேசையில் தையல் மெஷின், மாலை வாடி, மேலே துணி போர்த்தி, துணியின் நான்கு முனைகளிலும் அரக்கு முத்திரை வைக்கப்பட்டு இருந்தது.

தலைவர் அப்பாத்துரை எழுந்தார். முப்பத்தோரு வருஷம் பத்திரங்களைப் பதிந்தவர் ஆதலால் அவருக்கு எதையும் நான்கு எல்லை குறிப்பிடாமல் பேசத் தெரியாது.

“கிழக்கே நியாயத்தையும் மேற்கே தர்மத்தையும் வடக்கே விவேகத்தையும் தெற்கே எமது அனுபவத்தையும் எல்லையாக உடைய இச்சபை, இந்த அம்மாளின் மனுவைப் பரிசீலிக்கச் சித்தமாயிருக்கிறது. அம்மா, உமக்கு வலக்கை எது என்று தெரியுமா?”

“தெரியும்யா.”

“உயர்த்திக் காட்டும்.”

சாலோமி வலக்கையை உயர்த்தினாள். தலைவர் அவளுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். அவர் தம்முடைய வலக்கையைப் பார்த்தார்; இடக்கையைப் பார்த்தார்; மறுபடியும் அவளைப் பார்த்தார்.

“கனவான்களே, நீங்களே கவனியுங்கள். அம்மாள் உயர்த்திய கை என் இடக்கைப் பக்கமாக இருக்கிறது. காரியதரிசி அவர்களே, எழுதிக்கொள்ளும். மனுதாரர் இடக்கையை உயர்த்தினார்.”

“எழுதியாயிற்று” என்றார் வைத்தியலிங்கம்.

“அய்யா,” என்றாள் வாசலில் நின்ற இன்பமணி, “நீங்க இங்கன வந்து அவ பக்கத்துல நின்னு பாருங்க.”

“தலைவர் இருக்கையை விட்டு அகலலாகாது என்பது விதி” என்றார் தலைவர்.

சாலோமி குழம்பிப்போய் வீடு திரும்பினாள். தன் கைகளையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அன்று மாலை, ஒரு துரைசானிக்காகக் கைக்குட்டையில் இங்கிலீஷ் எழுத்து ஒன்று பின்னிக்கொண்டிருந்தபோது, முடிச்சுப் போடத் துணியைத் திருப்பினாள். பின்பக்கத்தில் எழுத்து திரும்பி நின்றது. வயிறு ஒரு பக்கமாகப் போக வேண்டிய எழுத்துக்கு வயிறு மறுபக்கம் போயிருந்தது. படத்தில் இடையிடையே வந்த எழுத்துகளும் இப்படித்தான் இருந்தன. வேறு ஏதோ சீமையின் எழுத்து என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்.

“இன்பமணி அக்கா,” என்று கூப்பிட்டாள், “நாம துணிக்குப் பின்னால இருந்துல்லா பார்த்தோம்.”

மறுநாள் கைக்குட்டையோடு சபைக்கு ஓடினாள். முன்பக்கத்தைக் காட்டினாள், பின்பக்கத்தைக் காட்டினாள். “இங்கன இருந்து பாத்தா சோத்துக்கை. அங்கன இருந்து பாத்தா பீச்சாங்கை. நீங்கதானய்யா எங்கள அங்கன உக்காரச் சொன்னது? ரெண்டு பேரும் பாத்தது நெசந்தான்.”

சபை கைக்குட்டையை ஒருவர் கைமாற்றி ஒருவராகப் பார்த்தது. முக்கால் மணி நேரம் ஆலோசித்தது. தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

“தையல் வேலை மிக நேர்த்தி. ஆனால் கைக்குட்டையில் கள்வனும் இல்லை, முத்துமாலையும் இல்லை. ஆகையால் இது சாட்சியமாகாது.”

“அப்ப நீங்களே ஒரு நாள் பின்பக்கம் வந்து பாத்திருங்க.”

“பெண்டிர் பகுதியில் ஆடவர் பிரவேசிப்பதா?”

“சரி, என்னை ஒரு நாள் முன்பக்கம் உக்கார விடுங்க. நானே பாத்துச் சொல்லுதேன்.”

“ஆடவர் பகுதியில் பெண் பிரவேசிப்பதா?”

ஆக, அப்பக்கத்தை அறிந்த ஆடவன் இருக்கக் கூடாது. இப்பக்கத்தை அறிந்த பெண் இருக்கக் கூடாது. இரண்டு பக்கத்தையும் அறியாத சபை மட்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்க்க மூன்றாவது நாற்காலியில் இருந்த குமாஸ்தா ஜெபசீலன் ஒரு வழி கண்டுபிடித்தார். அவருடைய சொந்த யோசனையானதால் அதை அவரே நிறைவேற்ற நேர்ந்தது. பெண்டிரின் மானத்துக்குப் பங்கம் வராதபடி, கண்களைக் கட்டிக்கொண்டு, பின்பக்கத்தில் அமர்ந்து, படத்தை ஆதியோடந்தமாகப் பார்வையிட்டு வருவது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

வியாழக்கிழமை ஆட்டத்தில் அது நடந்தது. சுல்தானே அவரைக் கைப்பிடித்து அழைத்து வந்து பெண்கள் நடுவில் ஒரு முக்காலியில் உட்காரவைத்தார். கறுப்புத் துணி மூன்று சுற்று. பெண்கள் சற்று நேரம் ஒடுங்கி இருந்தார்கள். பிறகு அவருக்கு முறுக்குக் கொடுத்தார்கள்.

“அண்ணாச்சி, கள்வன் வாரான்” என்றாள் இன்பமணி. “பாத்துக்கிட்டீயளா?”

“பார்வையிட்டுக்கொண்டிருக்கிறேன்” என்றார் ஜெபசீலன், முறுக்கைக் கடித்தபடி.

மறுநாள் அவர் சபையில் அறிக்கை வாசித்தார்: ‘பெண்டிர் பகுதியில் இரண்டு மணி நேரம் விழிப்போடு அமர்ந்திருந்தேன். அங்கிருந்து எதுவும் தெரியவில்லை. முழுவதும் இருட்டாயிருந்தது.’

சபை மேசையைத் தட்டி ஆமோதித்தது. பின்பக்கத்தில் எதுவும் தெரியாது என்பது நேரடி விசாரணையில் உறுதிப்பட்டுவிட்டது. அப்படியானால் எதுவும் தெரியாத இடத்தில் அமர்ந்த சாலோமி ஒன்பது கேள்விகளுக்குச் சரியான விடை எழுதியது எப்படி? ‘களவாகவோ மாயமாகவோ இருத்தல் வேண்டும்’ என்று காரியதரிசி எழுதினார். பரிசு, ஆறு விடை சரியாக எழுதிய பேட்டை வியாபாரி தாஜ் முகம்மதுக்கு என்றும், சனிக்கிழமை மாலை சபையார் முன்னிலையில் கூடாரத்திலேயே வழங்கப்படும் என்றும், போட்டி முடிந்துவிட்டதால் சபையாரும் அன்று படத்தைப் பார்த்தருள்வார்கள் என்றும் விளம்பரம் வந்தது.

சனிக்கிழமை மைதானத்தில் எள் விழ இடமில்லை. சபையார் ஐவரும் தலைப்பாகையோடு வந்து இறங்கினார்கள். முன்பக்கத்தில் நெருக்கியடித்திருந்த கூட்டத்தைக் கண்டதும் தலைவர் முகம் சுருங்கிற்று.

“சுல்தான், இந்தக் கூட்டத்தோடு கூட்டமாக நாங்கள் உட்காருவதா? தனியிடம் வேண்டும்.”

“முன்னால ஒரு முழம் எடங்கூட இல்லீங்களே. பின்பக்கம் மட்டுந்தான் இருக்கு. அங்கன பொம்பளைங்க இருக்காவ.”

“அவர்களை அப்புறப்படுத்தும்.”

“எங்க கொண்டு போக?”

“எங்காவது. ஒரு கயிற்றைக் கட்டி முன்பக்கத்தில் ஓர் ஓரமாக உட்காரவையும். இன்று ஒரு நாளைக்குப் பாதகமில்லை. சபையின் கௌரவம் முக்கியம்.”

சுல்தான் தாடியைத் தடவிக்கொண்டார். பட மெஷினருகே நின்ற பவுல்ராஜைப் பார்த்தார். கப்பலில் எஞ்சின் பார்த்து, கடலில் பல வேடிக்கைகளைக் கண்ட பவுல்ராஜ் தலையைக் குனிந்து கைப்பிடிக்கு எண்ணெய் போட்டான்.

பெண்கள் முன்பக்கம் வந்தார்கள். சாலோமி முதன்முறையாகத் துணியின் நேர்ப்பக்கத்தின் முன் உட்கார்ந்தாள். படம் ஓடியது. எழுத்துகள் நேராக நின்றன. கள்வன் வந்தான்; பெட்டியைத் திறந்தான்; வலக்கையை நீட்டி முத்துமாலையை எடுத்தான்.

“ஆத்தாடி,” என்றாள் இன்பமணி, “சோத்துக்கையாலல்லா எடுக்கான், களவாணிப்பய.”

படம் முடிந்து விளக்கு ஏற்றியதும் அப்பாத்துரை திரைக்குப் பின்னாலிருந்து சுற்றி வந்து மேடையேறினார். அவர் முகத்தில் தெளிவு குடிகொண்டிருந்தது.

“மகாஜனங்களே, ஊகத்தினால் அல்ல, உறையினால் அல்ல, இன்று சபையார் ஐவரும் தமது சொந்தக் கண்களால் உண்மையைக் கண்டறிந்தோம். கள்வன் முத்துமாலையை எடுத்தது இடக்கையால்.”

 முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போய், கூடாரத்துக்கு வெளியே நின்ற வண்டிக்காரர்கள் வரைக்கும் எட்டியது.

“நம்ம அப்பாத்துரை அய்யா பொம்பளைங்க எடத்துல உக்காந்துட்டாருலே” என்று ஒரு குரல் கேட்டது.

பரிசு பெற அழைக்கப்பட்டிருந்த தாஜ் முகம்மது எழுந்து கும்பிட்டார். “அண்ணாச்சி, எனக்கு இந்த மெஷின் வேண்டாம். அஞ்சு பதில் எங்க வூட்டுல சொன்னது. அவ பின்னால இருந்து பாத்துட்டுச் சொன்னா. கை ஒண்ணுதான் என் சொந்த மூளை. இப்ப அதுவும் தப்புங்கிய.”

சபையார் அவசரமாகத் திரைக்குப் பின்னால் போய்க் கூடினார்கள். அரை மணி நேரம் கழித்து வைத்தியலிங்கம் வேர்த்து வடிந்தபடி தீர்மானத்தை வாசித்தார்:

‘கள்வன் எடுத்தது இடக்கையே. ஆயினும் சாலோமி அம்மாள் அவ்விதம் எழுதிய தேதியில் சபை அதைக் கண்டிருக்கவில்லை. ஆகவே அத்தேதியில் அவ்விடை பிழையே. வலக்கை என்ற ஆடவர் விடை எழுதிய தேதியில் சரியாயிருந்து இன்று மாலை ஏழரை மணி முதல் பிழையாகிறது. ஆதலின் எவருக்கும் பரிசில்லை. மெஷின் சபையின் காவலில் இருக்கும். எனினும் சபை இரக்கமற்றதன்று. பின்பக்கத்தில் தாம் ஒன்றும் காணவில்லை என்று சாலோமி அம்மாள் கையெழுத்திட்டுத் தருவாராயின் மெஷின் அவருக்குத் தர்மமாக வழங்கப்படும்.’

காகிதமும் பேனாவும் கயிற்றைத் தாண்டி அவளிடம் நீட்டப்பட்டன. சாலோமி அதைப் பார்த்தாள். ஒரு கையெழுத்து, வகுப்பும் வேலையும் நிமிர்ந்த கழுத்தும் அதற்குள் இருந்தன. கூட்டம் அவள் முகத்தையே பார்த்தது.

“நான் பாத்தேன்யா” என்றாள். எழுந்து நின்றாள். “அங்கனயும் பாத்தேன், இங்கனயும் பாத்தேன். இந்த ஊர்ல ரெண்டு பக்கமும் பாத்தவங்க நாங்க மட்டுந்தான். பாத்ததப் பாக்கலன்னு எழுதிக் குடுத்து வாங்குன மெஷின வச்சுக்கிட்டு, எந்தப் பிள்ளைக்கு நேர்த்தையல் சொல்லிக் குடுக்கட்டும்?”

பேனாவைத் திருப்பித் தந்தாள். உட்கார்ந்தாள்.

“ஆட்டம் முடிந்தது, பெண்கள் தங்கள் பகுதிக்குத் திரும்பலாம்” என்றார் தலைவர். இரண்டாவது ஆட்டத்துக்கு மணி அடித்தது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. இன்பமணி மடியிலிருந்த முறுக்கைப் பிரித்துப் பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்தாள். பவுல்ராஜ் யாரையும் கேட்காமல் பட மெஷினைச் சுழற்றத் தொடங்கினான்.

நெல்லைச் சீமையாரே, கதை இங்கே நிற்கிறது. முடிவு உங்கள் கையில் இருக்கிறது. தையல் மெஷின் மறுபடியும் அந்த மாடிக்கே போய், நான்கு அரக்கு முத்திரைகளின் கீழ், ஒருவருக்கும் தைக்காமல் கிடக்கிறது. வகுப்பு தொடங்க ஒன்பது நாள்தான் இருக்கிறது. சுல்தானைக் கேட்டால், “நான் கொடுத்தாச்சு, ஜெயிச்சவ எடுத்துட்டுப் போட்டும்” என்கிறார். ஆகவே தாய்மார்களே, இனி எந்தக் கூடாரத்துக்குப் போனாலும் துணியின் நேர்ப்பக்கத்தில் உட்காருங்கள். யார் எழுப்பினாலும் எழுந்திருக்க வேண்டாம். ஆடவர்களே, ஒரே ஒரு நாள் பின்பக்கத்து மணலில் உட்கார்ந்து, கண்ணைக் கட்டிக்கொள்ளாமல், கண்டதைக் கண்டபடி ஒரு கார்டில் எழுதி ‘நீதிமணி’க்கு அனுப்புங்கள், தபால்காரர் மாடியேறி அலுக்கட்டும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சாலோமி அந்த மாடிப்படி ஏறுகிறாள். மெஷினைத் தூக்க நான்கு பேர் போதும். நீங்கள் நானூறு பேராக வாருங்கள்.